இடது இறக்கை

மார்ச் 3, திங்கள்
டுட்டு மகனே, இன்றைக்கு உன் விமான ஹேங்கரிலிருந்து, உன்கூட வேலை பார்த்த ஓஸ்வால்ட் வந்தான். உன் டிபன் பையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான்.
"அக்கா, விமானம் செஞ்ச கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்துச்சு, இறக்கை போல்ட்டெல்லாம் மாத்தணும்னு. இடது பக்கம் டிரேவர்தான் மாத்துனான். வேலை சரியா முடிஞ்சுதுன்னு போடற கையெழுத்தை காலைல போடறேன்னு கெளம்பிட்டான்."
அந்தக் காலை உனக்கு வரவில்லை. ஹெப்பாள் பாலத்தில் அந்த லாரி—
"கையெழுத்து இல்லாததால ரூல்படி நான் எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும்க்கா. உங்ககிட்ட சொல்லாம செய்ய மனசு வரல."
"என் புள்ள கைமேல சந்தேகமா உனக்கு?" என்று கத்திவிட்டேன். தலைகுனிந்து போய்விட்டான்.

மார்ச் 5, சாம்பல் புதன்
நான் சமைக்கப் போகிற ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அந்த வீட்டு அம்மா அப்படியே ஊற்றிச் சாப்பிட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 8, சனி
கழற்றினால் என்ன? இரும்புதானே? இல்லை. நீ கடைசியாகத் தொட்டது. எவனும் தொடக் கூடாது.

மார்ச் 10, திங்கள்
மார்க்கெட்டில் ஓஸ்வால்ட் பெண்டாட்டி நோரா பிடித்துக்கொண்டாள். "என்னக்கா சொன்னீங்க அவர்கிட்ட? ராத்திரியெல்லாம் புரள்றார். கழட்டாமலே நாளைக்குக் கையெழுத்து போட்டுடறேங்கறார். அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறதுங்கறார்."
காய் வாங்காமல் வந்துவிட்டேன். அந்த விமானத்தில் ஓட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் ஏறுவார்கள். அவர்களுக்கும் ஒருத்தி சோறு மூடி வைத்துக் காத்திருப்பாள். நீ சரியாத்தான் போட்டிருப்பே. போட்டிருப்பேடா. ஆனா அன்னிக்கு நீ காய்ச்சலோட இல்ல போனே?

மார்ச் 11, செவ்வாய்
விடிந்ததும் ஆட்டோ பிடித்து ஹேங்கருக்கு ஓடினேன். வாட்ச்மேன் விடவில்லை. கன்னடத்தில் சண்டை போட்டேன். சத்தம் கேட்டு ஓஸ்வால்ட் வந்தான்.
"போட்டுட்டியா கையெழுத்து?"
"இன்னும் இல்லக்கா."
"கழட்டுடா. எல்லாத்தையும் கழட்டிப் பாரு. டிரேவர் போட்டதுன்னு ஒண்ணையும் விடாதே."
அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.
"மொதல்ல மூஞ்சியக் கழுவு. அழுதுகிட்டே போல்ட் முடுக்காதே" என்றேன். வாட்ச்மேன் எனக்குத் தண்ணீர் கொடுத்தான்.

மார்ச் 14, வெள்ளி
சாயங்காலம் ஓஸ்வால்ட் போன் செய்தான். "முடிஞ்சுதுக்கா. நாளைக்குப் பறக்குது." கழற்றியபோது நீ போட்ட போல்ட்டெல்லாம் எப்படி இருந்தன என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
நல்லா முடுக்கித்தானேடா வச்சிருந்தே, டுட்டு?