ஏரிக்கரையில் நீ கூப்பிட்ட பெயர்

மச்சான்,

டென்மார்க்கில், வைலேயில் உள்ள உன் கொட்டிலை ஒதுக்கித் துப்புரவாக்கித் தரச்சொல்லி உன் மனைவி கேட்டிருந்தார். இன்று காலை போனேன். மேல்தட்டில், ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கோதுகள் கிடந்தன. மூடியைத் திறந்ததும் கருகிய வெடிமருந்தின் வாசம். பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுவிட்டேன்.

ஐம்பது வயதுக்கு மேல் நீ வேட்டைக்குப் போவாய் என்று யார் நினைத்தோம்? எங்களோடு தொழிற்சாலையில் நின்ற டேனிஷ்காரர் ஒருவர், சுவீடனில் தனக்கிருந்த காட்டுக்குக் கூப்பிட்டதில் தொடங்கியது. சோதனை எழுதி அனுமதி எடுத்தாய். கடையில் வாங்கிய ஒற்றைக்குண்டுத் தோட்டா உன் துவக்குக்கு ஒத்துவரவில்லை. குறி ஒரு பக்கமாக இழுத்தது. செப்புக் குண்டு வாங்கி நீயே தோட்டா அடைக்கத் தொடங்கினாய். சனிக்கிழமைகளில் சுடுதிடலில் நான் காகிதத்தை மாட்டுவேன், நீ சுடுவாய். துளைகளுக்கு இடையே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து எதையோ மாற்றி அடைப்பாய். ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

"பட்டா உடன போயிடவேணும் மச்சான். இழுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது."

அன்றுதான் உன் தம்பியைப் பற்றிச் சொன்னாய். ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து போகையில் ஷெல் பட்டு, பயத்தில் கூட்டத்துக்குள் ஓடியவன். இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனாயாம். சனம் நிறைந்த தெருவில் அது காலடிகளுக்குள் அழிந்துபோயிற்று. அவனைப் பிறகு ஒருவரும் காணவில்லை.

அந்த இலையுதிர்காலம் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிவரத் தொடங்கின. நீ சிரித்ததை அப்போது பார்த்தேன். சுவீடன் காட்டுக்கு நானும் உன்னோடு வந்தேன். அங்கே மான் பக்கவாட்டாக, கிட்டவே வந்து நின்றது. நீ சுட்ட அந்தக் கணத்தில் அது திரும்பியது. விழவில்லை, ஓடியது. புற்களில் இரத்தம் இருந்தது. காயப்பட்ட மிருகங்களைத் தேடப் பழக்கிய நாயைக் கொண்டுவந்தார்கள். அது ஏரிக்கரைவரை இழுத்துப்போய், தண்ணீருக்கு முன்னால் நின்று முனகியது.

மற்றவர்கள் திரும்பினார்கள். நீ நாணலுக்குள் இறங்கினாய். இருட்டிக்கொண்டு வந்தது. உன்னைக் கூட்டிப்போக வந்த எனக்கு, நீ தண்ணீரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கூப்பிடுவது கேட்டது. அது தம்பியின் பெயர். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கிழமையே துவக்கை விற்றாய்.

கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மருந்து மயக்கத்துக்கு நடுவே என் கையைப் பிடித்தாய்.

"கனநேரம் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டி வந்திருக்காது, என்ன?"

"ஓம், வந்திருக்காது" என்றேன்.

எதைப் பற்றிக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. மானைப் பற்றியா, தம்பியைப் பற்றியா? நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் சொன்ன அந்த 'ஓம்' உனக்குப் போதுமாக இருந்ததா என்ற கேள்விதான் இப்போது என்னோடு இருக்கிறது. பதில் சொல்ல நீ இல்லை.