ஃபிலோ சிஸ்டர் வந்திருந்தார்

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி இதை உனக்கு நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

நேற்று ஃபிலோ சிஸ்டர் வந்திருந்தார். நான் படித்த காலத்தில் இந்த விடுதிக்கு வார்டனாக இருந்தவர். இப்போது அந்த வேலையில் நான் இருக்கிறேன். கைத்தடியும் மிட்டாய் டப்பாவுமாகச் சாரலில் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"பிள்ளைகளப் பாக்கணும்மா. சாகுறதுக்குள்ள ஒரு வாட்டி."

பேத்துப்பாறைக் காட்டிலிருந்து தேன் சுமந்து நீ வந்து நின்ற இடம் அது. "ஒன் மகளுக்கு ஒன்னயப் பாக்கப் பிடிக்கல" என்று அன்று சிஸ்டர் உன்னிடம் சொன்னார். "ஒங்கம்மா வரவே இல்ல" என்று என்னிடம் சொன்னார். தாயைப் பார்த்தால் நம் பளியர் இனத்துப் பிள்ளைகள் காட்டுக்கே ஓடிவிடுவார்களாம். பள்ளி முடித்து ஊருக்கு வந்த அன்றுதான் எனக்கு உண்மை தெரிந்தது. அதுவரை ஆறு வருஷம் உன்னை வெறுத்தேன்.

"பிள்ளைகளுக்கு ஒங்களப் பாக்கப் பிடிக்கலைங்க, சிஸ்டர்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது. "நீ படிக்கணும்னுதாம்மா செஞ்சேன்" என்றார்.

படித்தேன்தான். உட்கார ஒரு நாற்காலிகூடப் போடாமல் கேட்டைச் சாத்தினேன். அவர் தடியூன்றி ரோட்டு வளைவில் மறையும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது அம்மா.

இன்று காலை ஜெபத்தில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று பிள்ளைகள் சத்தமாகச் சொன்னார்கள். சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

உன் மூத்த மகள்