தப்லா என்றார் கப்பல்காரர்

14 ஆகஸ்ட் 2001

இன்று காலை துறைமுகத்திலிருந்து ஓர் எகிப்துக் கப்பல்காரரைத் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள். வலது காதைப் பிடித்துக்கொண்டு "தப்லா, தப்லா" என்றார். டாக்டர் இன்னும் வரவில்லை.

ஆயா சிரித்தாள். "இன்னா சிஸ்டர், தபேலா வாசிக்க வந்துகீறாரா?"

நானும் சிரித்தேன். காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டேன். அவர் அலறி என் கையைத் தட்டிவிட்டார்.

ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த காதர் பாய் குவைத்தில் லாரி ஓட்டியவர். கப்பல்காரரிடம் அரபியில் பேசிப் பார்த்தார். "அவுங்க பாஷையில மோளத்துக்கு தப்லா, சிஸ்டர். நம்ம தபேலாவே அங்கேர்ந்து வந்த பேருதான். காதுல கீற மோளம் கிழிஞ்சிடுச்சுன்றாரு."

நாமும் செவிப்பறை என்றுதான் சொல்கிறோம். நர்ஸிங் படித்தபோது அதிலிருக்கும் பறையை நான் கவனித்ததே இல்லை.

டாக்டர் வந்து பார்த்தார். பறையில் ஓட்டை விழுந்திருந்தது.

"சொட்டு மருந்து ஏதாச்சும் விட்டியாம்மா? விட்டா சீழ் பிடிச்சிடும்."

"இல்ல டாக்டர்" என்றேன்.

ஆயா சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். காதர் பாய் அதற்குள் போய்விட்டிருந்தார். கிளம்பும்போது கப்பல்காரர் நெஞ்சில் கை வைத்து எனக்கு நன்றி சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.