பக்கத்தில் நிற்காத டாக்டர்

திருப்பூர், 2006

அன்புள்ள ராக்குவுக்கு, கூத்தையா தன் கையாலேயே எழுதுவது. நீயும் மகள் பூமயிலும் சுகமா? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

வாட்ச்மேன்கள் எல்லோரும் இதயம் பார்த்து வரவேண்டும் என்று மில்லில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஓடுகிற பெல்ட்டின் மேல் நடக்கவிட்டார்கள். நம்ம ஊர் வெயிலில் நடந்தவனுக்கு அது என்ன? குறை ஒன்றும் இல்லையாம், பயப்படாதே.

பிறகு பில்லில் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் எதற்கு என்று எழுதாமல் வெறும் எண்கள். ஒவ்வொன்றும் என்னவென்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். ஒன்று நான் நடந்ததற்கு, ஒன்று இதயத் துடிப்புப் படத்தைப் பார்த்துச் சொன்னதற்கு, இன்னொன்று டாக்டர் பக்கத்தில் நின்றதற்காம்.

"டாக்டரு எங்கம்மா நின்னாரு? நர்சு மட்டும்ல நின்னுச்சு!"

"காசு மில்லுதானுங்களே கட்டுது, உங்களுக்கென்னங்க தாத்தா?"

"யாரு கட்டுனா என்ன? பாக்காததைப் பாத்தேன்னு கையெழுத்துப் போடமாட்டேன்."

"சரி, ரேகையாச்சும் வைங்க" என்று மைப்பெட்டியை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுத்துப் பழகும்வரை அறுபது வருடம் அதைத்தானே வைத்தேன்! கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கையெழுத்து இல்லாமல் ரிப்போர்ட் இல்லை, ரிப்போர்ட் இல்லாமல் மில்லில் வேலை இல்லை என்கிறார்கள். இருக்கட்டும். நாளைக்கும் போய், டாக்டர் நின்றார் என்கிற அந்த வரியை அடித்துவிடச் சொல்வேன்.

முண்டு மிளகாய் வத்தல் கொஞ்சம் அனுப்பு. பூமயிலை நீளமாகப் பதில் எழுதச் சொல். மெதுவாகப் படித்தால் சாயங்காலம் முழுக்க வரும். அறையில் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். இன்றைக்கு நான் போடும் ஒரே கையெழுத்து இதுதான்:

கூத்தையா