நானூறு பேருக்கான ஆலயம்

என் அன்பு மகன் லாடோவுக்கு,

அம்மா கிடென் எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் ஆடுகள் ஆறும் சுகம், நீயும் மருமகளும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் முழங்காலில் நிற்கிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தே ஜெபிக்கிறார், கேட்டால் 'ஆண்டவர் காலையா பாக்குறாரு?' என்கிறார். ஆலய வேலை என்னாச்சு என்று நீ கேட்கும்போதே போன் அறுந்துவிட்டது. அது போனில் சொல்கிற கதையும் இல்லை, அதில் உன் அம்மா பண்ணின கூத்து ஒன்று இருக்கிறது. போதகர் ஏனோக் திங்கட்கிழமை தலைநகர் ஜூபாவுக்குப் போகிறார், அங்கே தபாலில் போடச் சொல்லி அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் மழை ஓய்ந்ததும் மிஷன் ஆட்கள் வந்தார்கள். சண்டையில் எரிந்த ஆலயங்களைத் திரும்பக் கட்டுகிறவர்கள். இரும்புத் தூணும் கூரைத் தகடும் அவர்கள் கொண்டுவந்து நிறுத்துவார்கள், சுவரை ஊர்க்காரர்கள் எழுப்பவேண்டும், அதுதான் அவர்கள் முறை. நாங்கள் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து மாமரத்தடியில்தான் ஆராதனை, பாதிப் பிரசங்கத்தில் பழம் தலையில் விழும். கிப்ரோனோ என்று ஒரு கென்யாக்காரப் பொறியாளர், தங்கமான பிள்ளை, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு 'ஞாயித்துக்கிழமை எத்தனை பேரம்மா வருவீங்க?' என்று கேட்டார். போதகர் ஊரில் இல்லை, பெண்கள் சங்கத் தலைவி என்று நான் முன்னால் போய் நின்றேன். உகாண்டா முகாமில் ஆறு வருஷம் கிடந்தோமே லாடோ, அங்கே தாளோடு ஒருவர் வந்து எத்தனை பேர் என்று கேட்டால் என்ன சொல்வோம்? இருக்கிறவர், செத்தவர், இனிமேல் பிறக்கப்போகிறவர் எல்லாரையும் சேர்த்துத்தானே சொல்வோம், இல்லாவிட்டால் மாவும் எண்ணெயும் பாதியாகிவிடும். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்து நானூறு என்றது. அதோடு நிறுத்தினேனா, 'கைக்குழந்தைங்களைச் சேர்க்காம தம்பி' என்று வேறு சொன்னேன். வருவது நூற்றுமுப்பது பேர், அதுவும் கிறிஸ்துமஸ் அன்றைக்கு.

ஜனவரியில் லாரி வந்து இரும்பை இறக்கியது. தூண் நட ஆரம்பித்தார்கள், வரிசை போகிறது போகிறது, உன் அப்பாவின் நிலக்கடலைக் கொல்லைக்குள்ளேயே போய்விட்டது. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு 'இது கோயிலா, விமானம் எறக்குற எடமா?' என்று கேட்டார், நான் ஆட்டைத் தேடுகிற சாக்கில் நழுவிவிட்டேன். மூன்றே நாளில் கூரை ஏறிவிட்டது. கிப்ரோனோ கிளம்பும்போது, குருத்தோலை ஞாயிறு பிரதிஷ்டைக்கு வருகிறேன், அதற்குள் சுவரை முடித்துவிடுங்கள், சுவர் இல்லாமல் முதல் மழைக்காற்று அடித்தால் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பதாயிரம் செங்கல் வேண்டும் என்று போதகர் கணக்குப் போட்டார். வேலைக்கு ஆகிற கை நாற்பது. மண்ணை மிதித்தோம், கல்லை அறுத்தோம், சூளையில் சுட்டோம், ஐந்து வாரத்தில் சுவர் இடுப்புக்குக்கூட வரவில்லை. எல்லாரும் ஓய்ந்துபோய், 'அந்தக் கென்யாக்காரனுக்கு அளக்கவே தெரியல' என்று கிப்ரோனோவை ஏச ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று ஞாயிறு அந்தப் பிள்ளை என் பாவத்தைச் சுமந்தது. நாலாவது ஞாயிறு பாட்டுக்கு நடுவில் எழுந்து, 'அவரை ஏசாதீங்க, நானூறுன்னு சொன்னது இந்த வாய்தான்' என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். அப்போது செங்கல் சூளை யாக்கோபு எழுந்தார். 'முகாம் ரேஷன் அட்டையில எனக்கு ஒம்பது புள்ளைங்கன்னு எழுதி வாங்குனவன் நான், எனக்குக் கல்யாணமே ஆகல, நான் யாரைத் திட்டுறது?' என்றார். பிறகு என்ன, ஆளாளுக்கு எழுந்து தங்கள் அட்டைக் கதையைச் சொல்கிறார்கள், போதகர் உட்பட. சிரித்துச் சிரித்து ஆராதனை அதோடு முடிந்தது. யாக்கோபு மட்டும் போகும்போது, 'சொன்னது சொல்லிட்ட, மிச்ச ஆளுங்களைப் போய்க் கூட்டிட்டு வா' என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன். எல்லை தாண்டி முகாமுக்கு, உன் பெரியம்மா சலோமி வீட்டுக்கு. உனக்குத் தெரியும், சண்டையில் பெரியப்பாவைச் சுட்டது நம் ஆலய வாசலில், புதைத்ததும் அங்கேயேதான். அந்த மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னவள் இத்தனை வருஷமாக அசையவில்லை, அவள் அசையாததால் முகாமில் நம் ஊர் ஜனம் இருக்கிற அந்தத் தெருவே அசையவில்லை. நான் வேதவசனம் ஒன்றும் சொல்லவில்லை. 'உன்னையும் சேர்த்துத்தான் நானூறுன்னு சொன்னேன் அக்கா, நீ வரலன்னா உன் தங்கச்சி பொய்க்காரி' என்றேன். 'நீ பொய்க்காரின்னு எனக்கு உன் நாலு வயசுலேயே தெரியும்டீ' என்று சொல்லிவிட்டு மாவைக் கிண்டப் போய்விட்டாள். வெறுங்கையோடு திரும்பினேன், வழியெல்லாம் அழுதேன்.

எட்டாம் நாள் மத்தியானம் முரசுச் சத்தம் கேட்டது. சாலை நிறைய ஜனம், தலையில் பாயும் பாத்திரமும், முன்னால் சலோமி. யாரிடமும் பேசாமல் நேரே பெரியப்பா கல்லறைக்குப் போனாள், புல்லைப் பிடுங்கினாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து, 'செங்கல் எங்க?' என்றாள். அதற்குப் பிறகு சுவர் வளர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் போட்டி, பெண்கள் பக்கம் இரண்டு நாள் முன்னாலேயே முடிந்தது, உன் அப்பா அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாதிக் கோயில் தன் கொல்லையில் நிற்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை.

குருத்தோலை ஞாயிறு காலையில் தூறல். கிப்ரோனோ தாளோடு வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். நான் வாசலில் எல்லாரையும் வரவேற்றுவிட்டுக் கடைசியாகப் போனால் உள்ளே கால் வைக்க இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே நனைந்துகொண்டே நின்று பாடினேன், என் ஆயுசில் அப்படிப் பாடினதில்லை. கிப்ரோனோ பக்கத்தில் வந்து, 'என்னம்மா, குறைச்சுச் சொல்லிட்டீங்களே' என்றார்.

முகாமிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் மிச்சச் சாமானை எடுத்துவரப் போயிருக்கிறார்கள். சலோமி போகவில்லை, நம் வீட்டுக்குப் பின்னால் குடிசை போடுகிறாள், என் சமையலில் உப்பில்லை என்கிறாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பார். மருமகளிடம் கோபப்பட்டுப் பேசாதே, குழந்தையைக் காதுமூடித் தொப்பி இல்லாமல் வெளியே தூக்காதே. ஞானஸ்நானத்தை அங்கே கொடுத்துவிடாமல் இங்கே கொண்டுவா. ஆனால் வருகிற நாளை முன்கூட்டியே சொல் ராசா, நான் விடியலிலேயே போய்ப் பாய் விரித்து இடம் பிடிக்கவேண்டும்.

முத்தங்களோடு,
உன் அம்மா கிடென்