பதினோரு சாவு பாக்கி

அன்புள்ள அமல் மாமா,

செத்துப்போயும் என்னை இப்படி அலைக்கழிக்க உங்களால்தான் முடியும். உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் அழுகை வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ரெண்டு வார்த்தை. நெய்வேலியில் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ் உங்களுடையது. சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டர், ஷிப்ட் முடிந்து வந்தால் எழுத்தாளர். உங்கள் மாயக்கதைகளில் படிக்கிறவர்தான் கதாநாயகன். 'வலது குகைக்குள் போனால் 47ஆம் பத்திக்குப் போ, இடது குகை என்றால் 112' என்று எங்களையே முடிவு பண்ண விடுவீர்கள். தப்பான வழியில் போனால் சாவு. சண்டை வந்தால் குலுக்கிப் போட, புத்தகத்தோடு ஒரு தீப்பெட்டியில் ஒரு பக்கம் தேய்த்த நாலு புளியங்கொட்டையும் தருவீர்கள். மந்தாரக்குப்பத்தில் அச்சடித்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவீர்கள்.

பூமிக்கு அடியில் ஒரு ராஜ்யம். தண்ணீர் இறைப்பதை நிறுத்தினால் முழுகிவிடும். வாளி வாளியாக மண்ணைத் தின்கிற சக்கர பூதம். என் அப்பா டிபன் பாக்ஸோடு தினமும் போய்வந்த நிலக்கரிச் சுரங்கம்தான் அது என்று எனக்குப் புரிய ரெண்டு புத்தகம் ஆயிற்று. அப்புறம் அவர் வந்ததும் பூட்ஸைத்தான் முதலில் பார்ப்பேன், பூத ராஜ்யத்து மண் ஒட்டியிருக்கிறதா என்று.

எத்தனை தடவை என்னைக் கொன்றிருப்பீர்கள்! கிணற்றில் தள்ளி, கல்லாக்கி, ஒருமுறை பலாப்பழத்தை முகர்ந்து பார்த்த குற்றத்துக்காக. ஒவ்வொரு சாவும் ஒரே வரியில்தான் முடியும்: 'உன் பயணம் இங்கே முடிந்தது.' அத்தை பாடு இன்னும் மோசம். 'வீட்டுக்குத் திரும்பு' என்று ஒரு வழி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பார். நீங்களும் வேண்டுமென்றே அங்கேதான் கொல்வீர்கள். ஒரு தடவைகூட உங்கள் கதையை அவர் கடைசிவரை படித்ததில்லை.

இப்போதைய சேதி இதுதான். மாதக் கடைசிக்குள் அத்தை குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போகிறார். தானே புயலில் உங்கள் கொல்லையில் விழுந்த முருங்கைக்குப் பதிலாக நட்டீர்களே, அது இந்த வருஷம் சடை சடையாகக் காய்த்திருக்கிறது. அத்தை என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்து உங்கள் கடைசி நோட்டைக் கையில் கொடுத்தார்.

"வூட்டக் காலி பண்றதுக்குள்ள இது புத்தகமா என் கைக்கு வந்துடணும் பாப்பா. இங்க எழுதுனத இங்கயே வச்சுப் படிச்சுடறேன்."

நூற்றெண்பது பத்திகள் மாமா. அதில் பதினோரு இடத்தில் எண் மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. எந்த வழி எங்கே போகிறது என்று படம் போட்டுப் பார்த்தேன். 'பூதத்தின் வாயைத் தொட்டால் 63' என்கிறீர்கள். 63 வெறும் தாள். அங்கே சாவைத் தவிர வேறென்ன இருக்க முடியும்? மற்றதும் அப்படித்தான். 118ஐத் தவிர. 'வீட்டுக்குத் திரும்பினால் 118.' அதுவும் காலி. வழக்கம்போல அங்கேயும் சாவுதானா, இல்லை இந்த ஒரு தடவை அத்தையை வீடு சேர விட நினைத்தீர்களா? எனக்கு விளங்கவில்லை. அத்தை நேரே அங்கேதான் போய் நிற்பார். நான் அங்கே எழுதுவதை நீங்கள் சொன்னதாகத்தான் படிப்பார்.

சாவுகளைத்தானே நீங்கள் முதலில் எழுதுவீர்கள்? அதில்தானே உங்களுக்குக் குஷி? அத்தையைக் கேட்டேன். "கையி நடுங்கிச்சு, முடியாமதான் வுட்டாரு" என்றார். மறுநாள் காபி ஆற்றிக்கொண்டே, "உன்னக் கேட்டுத்தான் எழுதணும்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார். எதை நம்புவது?

அந்த ரெண்டாவது பதிலில்தான் எனக்குப் பழசு ஞாபகம் வந்தது. அப்பாவுக்குப் பதினாறாம் நாள் முடிந்த வாரம். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் உங்கள் புத்தகத்தை எடுத்தேன். நான் வைத்திருந்த பிரதியை எப்போது எடுத்துப் போனீர்களோ, எப்போது திருப்பி வைத்தீர்களோ. எல்லாச் சாவிலும் 'உன் பயணம் இங்கே முடிந்தது' என்ற வரியை நீல மையால் அடித்துவிட்டு, 'முதல் பக்கத்துக்குப் போ' என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கு வந்த கோபம்! உங்கள் வீட்டுக்கு ஓடிவந்து புத்தகத்தை உங்கள் மேலேயே எறிந்தேன். "செத்தா செத்ததுதான் மாமா. ஏமாத்தாதீங்க" என்று கத்தினேன். நீங்கள் குனிந்து அதை எடுத்துத் தூசி தட்டினீர்கள்.

"சரி பாப்பா. இனிமே சாவு எழுதுனா உன்னக் கேட்டுக்கினு எழுதறேன்."

அதற்குப் பிறகு இந்த நோட்டு வரைக்கும் நீங்கள் ஒரு புத்தகமும் எழுதவில்லை. அதற்கும் நான்தான் காரணமா?

போன ஐப்பசியில் போன் பண்ணினீர்கள். "பதினோரு எடம் பாக்கி இருக்கு பாப்பா, ஒரு நட வந்தியானா முடிச்சுடலாம்" என்றீர்கள். "பொங்கலுக்கு வர்றேன் மாமா, இப்ப லீவு இல்ல" என்றேன். பொங்கலுக்குள் நீங்கள் போய்விட்டீர்கள். உடம்பு அவ்வளவு மோசம் என்று நீங்களும் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என்னைக் கேட்டுத்தான் சாவு எழுதுவேன் என்ற வாக்கைக் காப்பாற்ற நீங்கள் காத்திருந்தீர்கள், நான் மறந்துபோனேன். ஒருவேளை கை நடுக்கம் மட்டும்தானோ? யாரைப் போய்க் கேட்பேன்?

அச்சகத்தில் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பதினொன்றையும் எழுதிவிடுகிறேன் மாமா, உங்களைப் போலவே ஈவிரக்கம் இல்லாமல், 118 உட்பட. அச்சில் எல்லாம் 'உன் பயணம் இங்கே முடிந்தது' என்றுதான் முடியும். செத்தால் செத்ததுதான்.

ஆனால் முதல் பிரதி வந்ததும், அத்தை கையில் கொடுப்பதற்கு முன்னால், நீல மைப் பேனாவோடு உட்காரப்போகிறேன். முதலில் 118. அப்புறம் மற்ற பத்தும். அந்த வரியை அடித்துவிட்டு 'முதல் பக்கத்துக்குப் போ' என்று எழுதுவேன். ஏமாற்று வேலைதான், தெரிந்தேதான் செய்கிறேன். அத்தை என் மேல் புத்தகத்தை எறிந்தால் குனிந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுப்பேன்.

உங்கள் கையால் அத்தனை தடவை செத்த,
எதிர்வீட்டு மருமகள்
செல்வி