ஒயர் வந்தது, பேச்சு வரவில்லை

ஜூன் 14, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. நடுநடுவே சாரல். கொடியில் போட்ட துணி பாதி பக்கத்துப் பட்டறைக் கூரை மேல். அத்தையின் பச்சைப் புடவையைக் காணோம்.

வாங்க வேண்டியது: உளுந்து, பினாயில், பிரிண்டர் ரிப்பன். ரிப்பன் இனி எதற்கு என்று தெரியவில்லை.

டிபன் முடிந்ததும் இவர் சமையலறைக்கு வந்து சொன்னது: "ஞாயித்துக்கிழமை ஆனைமலைக்காரங்க வாராங்களாம். கம்ப்யூட்டரை அவிங்களுக்குக் குடுத்துப்போடலாம்னு அப்பா சொல்றாரு. ஆடி பொறக்கறதுக்குள்ள எடுத்துக்கறாங்களாம்."

ஆனைமலைக்காரர் மாமனாருக்குப் பங்காளி. மகன் காலேஜில் சேர்ந்திருக்கிறான். சொன்ன மாமனார் அடுத்த அறையில்தான் இருந்தார், பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அவரும் நானும் நேராகப் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, வழக்கம். அவர் இவரிடம், இவர் என்னிடம். என் பதிலும் அதே வழியில் திரும்பும். போகிற வழியில் பாதி உதிர்ந்துவிடும்.

நான் சொன்னது: பில் போட, சரக்குக் கணக்குப் பார்க்க, எல்லாவற்றுக்கும் ஆகும், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், நான் செய்து காட்டுகிறேன்.

இவர் அங்கே போய்ச் சொன்னது: "அவளுக்கு இஷ்டமில்லீங்கப்பா."

அவ்வளவுதான். பி.எஸ்ஸி. கணக்கு, அதற்கு மேல் கம்ப்யூட்டர் டிப்ளமோ, எல்லாம் இந்த ஒரு வரிக்குள். மாமனாருக்கு அது டைப் அடிக்கிற டி.வி. எனக்கு அது வேண்டும். வாய்விட்டுச் சொல்ல இங்கே ஆள் இல்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் தம்பி செந்தில் வந்தான். முகம் செத்துப்போய். காற்றாலைக்கு இடம் பார்க்கிற ஆபீஸில் வேலை. வெள்ளகோவில் பக்கம் தோட்டம் தோட்டமாக நடந்து, காற்றாடி எங்கே நிறுத்தலாம் என்று ஜி.பி.எஸ். கருவியில் குறித்திருக்கிறான். நிற்கிற இடத்தைச் செயற்கைக்கோளை வைத்துச் சொல்கிற கருவி. பார்க்கக் கார்ட்லெஸ் போன் மாதிரி. வண்டியிலிருந்து விழுந்து திரை நொறுங்கிவிட்டது. அமுக்கினால் பீப் என்கிறது, ஒன்றும் தெரியாது.

பேப்பரில் எழுதி வைக்கவில்லையா?

"மெசின்ல இருக்குதேன்னு உட்டுட்டேன்க்கா."

திட்டலாமா, சோறு போடலாமா? சோறு போட்டேன். உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தால் பிழைப்பான். அதற்குத் தனி ஒயர் வேண்டும். ஒயர் அமெரிக்காவில், ஆபீஸ் முதலாளியின் மருமகன் வீட்டில்.

இவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒயருதானே மாப்ளே. இதுக்குப் போயி அமெரிக்காவா? நாம செஞ்சுபோடலாம்."

ஜூன் 15, செவ்வாய்

காற்று. புடவை கிடைத்தது, புளியமரத்தில்.

எங்கள் லேத் பட்டறையில் பம்ப் ஷாப்ட் வேலையை நிறுத்திவிட்டு இவர் ஒயர் செய்தார். கருவியின் முதுகில் பொடிப்பொடியாக முனைகள். வெர்னியரில் அளந்து, நைலான் கட்டையை லேத்தில் கடைந்து, பித்தளைப் பின் வைத்து, சாயங்காலத்துக்குள் ஆயிற்று. நிஜமாகவே அழகு. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து கையில் வாங்கிப் பார்த்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் எந்தச் சாமானைக் காட்டினாலும் முதல் கேள்வி இதே மாதிரி செய்யலாமா என்பதுதான்.

மாட்டினோம். பொருந்தியது. ஒன்றும் வரவில்லை.

"காண்டாக்ட் பத்தல," என்றார்.

ஜூன் 16, புதன்

இரண்டாவது ஒயர். இது இன்னும் கனம். பின்னுக்கு வெள்ளி முலாம் போட்டுக்கொண்டு வந்தார். மீட்டர் வைத்தால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சுத்தமாக ஓடுகிறது. கம்ப்யூட்டரில் வெறும் கறுப்பு.

மூன்றாவது செய்யப் பித்தளையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டர் விற்ற கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: "டிரைவர் போட்டீங்களாம்மா?" தம்பி வைத்திருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் அதுதான் இருக்கிறது. பொடி எழுத்து, யார் படித்தார்கள். பொதுவாக எல்லாக் கருவியும் பேசுகிற பேச்சுக்கு மாற்ற உள்ளே ஒரு வழி இருக்கிறதாம். மாற்ற வேண்டுமானால் திரை தெரிய வேண்டும். நல்ல கதை.

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒயரு சுத்தமா இருக்கறப்ப அதென்ன புதுசா ஒண்ணு? கரண்ட்டு போகுது, வருது. அப்பறமென்ன?"

சொல்லிப் பார்த்தேன். "ஒயரு வெறும் வழிங்க. இந்தக் கருவி தானா வாயத் தொறக்காது. முறையா ஏனுங்கன்னு கூப்புடோணும். கூப்புட்டா ஒரு வரி சொல்லும். நாம சரிங்கன்னு சொல்லோணும். அப்பத்தான் அடுத்த வரி. சரிங்க வரலீன்னா சொன்னதையே சொல்லிப்போட்டு, பொறவு கம்முனு ஆயிரும். கம்பெனிக்குக் கம்பெனி கூப்புடற முறை வேற. நம்ம கம்ப்யூட்டருக்கு இந்தக் கம்பெனி முறை தெரியாதுங்க. அதைய ஒரு புரோகிராம் சொல்லித்தரோணும். அதுதானுங்க டிரைவர்."

கொஞ்ச நேரம் கருவியையே பார்த்தார். "எங்கப்பனாட்டவே இருக்குதே," என்றார் மெதுவாக.

சிரித்துவிட்டேன். அடுத்த அறையில் இருமல்.

ஜூன் 17, வியாழன்

டவுனுக்குப் போக உத்தரவு கேட்டேன். போன வழி: நான், இவர், மாமனார். வந்த வழி: மாமனார், இவர், நான். வந்து சேர்ந்தது: "பஸ்ஸுல போகச் சொல்லு."

தம்பி காந்திபுரத்தில் நின்றிருந்தான். கிராஸ்கட் ரோட்டில் மாடியில் ஒரு இன்டர்நெட் சென்டர். பக்கத்து நாற்காலியில் ஒருவர் கனடா மாப்பிள்ளைக்கு ஈமெயில் அடிக்கச் சொல்லி ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திக்கொண்டிருந்தார். கருவி செய்த கம்பெனியின் இணையப் பக்கத்தில் டிரைவர் இருந்தது, இலவசம். இறங்குவதற்குள் லைன் அறுந்து அறுந்து போனது. கடைசியில் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பிளாப்பியே கெட்டது. திறக்கவில்லை.

அழுகை வந்தது. ரசம் வைத்தேன்.

ஞாயிறு நெருங்குகிறது.

ஜூன் 18, வெள்ளி

தம்பி திரும்பப் போய் ரெண்டு பிளாப்பியில் வாங்கி வந்தான். ஒன்று திறந்தது.

டிரைவர் ஏறியது. கம்ப்யூட்டர் முதுகில் எந்த வாசலில் கருவி இருக்கிறது என்று கேட்டது. சொன்னேன். அந்த வாசலில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றது. மவுஸ். அதைக் கழற்றி, ஒயரை மாட்டி, மற்றதெல்லாம் கீபோர்டில். லேத் ஓடும்போது திரை நெளிகிறது. டீக்கு லேத் நிற்கட்டும் என்று காத்திருந்தோம்.

நின்றது. என்டர் தட்டினேன்.

கருவி ஒரு பீப். பிறகு வரிவரியாக வந்தது. நிற்காமல். தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான், வலித்தது. நீளப் பேரைக் கருவி ஏற்காதாம். தோட்டத்துக்காரர்கள் பேரெல்லாம் வாலறுந்து வந்தன, ஆனால் எல்லாரும் வந்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம். வேறு வார்த்தை இல்லை.

இவர் தன் ஒயரைத் தடவிக்கொண்டு, "நான் செஞ்சது சுத்தம்னு அப்பவே சொன்னேன்ல," என்றார். சுத்தம்தான். இரண்டும்.

பழைய ரிப்பனில் அச்சு வெளிறி வந்தது. பிரிண்டர் சத்தத்துக்கு மாமனார் வாசற்படி வரை வந்து நின்றார். காகிதம் முடியும்வரை நின்றார். பிறகு பேப்பருக்குத் திரும்பினார்.

ஜூன் 19, சனி

தம்பி போன். ஆபீஸில் பட்டியலை வாங்கிக்கொண்டார்களாம், வேலைக்கு மோசமில்லை. வேறொரு காற்றாலை ஆபீஸில் இதே ஒயரும் டிரைவரும் கேட்கிறார்களாம். "செஞ்சு தருவீங்களாக்கா?"

எதை வைத்து?

இவரிடம் சொன்னேன். அப்பாவிடம் பேசுங்கள், நாளைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். பேசினார். திரும்பி வந்தது: "வாக்குக் குடுத்தாச்சுங்கறாரு." அவரிடம் எப்படிச் சொன்னீர்கள்? "அவ கேக்கறான்னு சொன்னேன்." தம்பிக்கு வேலை நிலைத்ததைச் சொன்னீர்களா, புது ஆபீஸ் கேட்பதை? "அதெல்லாம் எங்க சொல்றது, பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு."

நாளைக்கு இவர் வெள்ளகோவில் போகிறார். ஒரு நூல் மில்லில் பம்ப் வேலை. வர ராத்திரி ஆகும். நல்ல நாளாகப் பார்த்து.

கோபம். இவர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

ஜூன் 20, ஞாயிறு

ஆனைமலை ஒறம்பரை வந்தது, டெம்போவோடு. அப்பா, மகன், திரையைச் சுற்ற ஒரு பழைய மெத்தை. காப்பி கொடுத்தேன். மகன் நல்ல பையன், தலை நிமிரவே இல்லை.

மாமனார் யாரையும் பார்க்காமல், "அந்த ரூம்புல இருக்குது, எடுத்துக்குங்க," என்றார்.

இவர் வெள்ளகோவிலில். அத்தை என் பக்கத்தில். அத்தையைப் பார்த்தேன், அத்தை சுவரைப் பார்த்தார். என் பேச்சை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை.

கம்ப்யூட்டர் அறை வாசலில் போய் நின்றேன். தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க மாமா."

அத்தை, "கண்ணு, உள்ளே வா," என்றார். போகவில்லை.

மாமனார் பேப்பரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் வைத்தார்.

"அதைய குடுக்க வேண்டாங்க மாமா. எனக்கு வேணுங்க. தம்பி ஆபீஸ் வேலை அதுலதான் முடிஞ்சுதுங்க. இன்னொரு ஆபீஸுலயும் கேக்கறாங்க. ஒயரு அவரு செய்யறாரு, மத்தது நான் செய்யறேனுங்க."

ஒரு வார்த்தைகூட உதிராமல் போய்ச் சேர்ந்தது. எனக்கே தெரிந்தது.

வெளியே டெம்போ என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் பேப்பரை நாலாக மடித்தார். பிறகு பங்காளியிடம் திரும்பி, "அது அம்மணியிது. அம்மணிகிட்ட கேட்டுக்க," என்றார்.

பங்காளி என்னைப் பார்த்தார். "குடுக்கறதில்லீங்க," என்றேன். மெத்தை டெம்போவில் திரும்பிப் போனது. போகும்போது அவர் முகம் சரியில்லை. மாமனார் முகமும்.

ராத்திரி இவர் வந்து கேட்டார், "அப்பா என்ன சொன்னாரு?" அவரையே கேளுங்கள் என்றேன்.

ஜூன் 21, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியது. உளுந்து வாங்கவில்லை. ரிப்பன் வாங்கியாயிற்று.

காலையில் புது ஆபீஸுக்குப் பிளாப்பி ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல். மாமனார். இவர் பக்கத்திலேயே ஒயருக்கு நைலான் அறுத்துக்கொண்டிருந்தார். மாமனார் இவர் பக்கம் திரும்பவில்லை.

"அம்மணி, பத்து மணிக்குக் கரண்ட்டு நிறுத்தறாங்களாம். அதுக்குள்ள முடிச்சுக்க."

திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் நகரவில்லை.

"பத்து மணிக்கு, அம்மணி."

"சரிங்க மாமா," என்றேன்.

அப்புறம்தான் போனார்.